காகம் எந்த நிலை நுகர்வோர்? வேடந்தாங்கல் ஏரியை வைத்து ஒரு விளக்கம்

ஒரு தாயின் கேள்வி இது: “மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். உற்பத்தியாளர், நுகர்வோர், சிதைப்பவை, இனக்கூட்டம், குழுமம், வாழிடம், செயல்வாழிடம் என்று எல்லா வரையறையையும் அப்படியே ஒப்பிக்கிறாள். ‘காகம் எந்த நிலை நுகர்வோர்?’ என்று கேட்டால் முழிக்கிறாள். வாழிடத்துக்கும் செயல்வாழிடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டபோது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் விரிவாக விளக்க முடியுமா?”

பல வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உங்கள் மகள் முழிப்பது அவள் தப்பு இல்லை. அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலானது. உற்பத்தியாளர், நுகர்வோர் என்பதையெல்லாம் நாம் பிள்ளைகளுக்குப் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறோம்: புல் உற்பத்தியாளர், மான் முதல்நிலை, புலி இரண்டாம் நிலை. அவர்களும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் பிறப்பிலேயே ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை வேலையின் பெயர்கள். ஒரே ஆள் காலையில் பால் கறந்துவிட்டு, பகலில் டிராக்டர் ஓட்டிவிட்டு, மாலையில் பெட்டிக்கடையில் உட்காரலாம் இல்லையா, அப்படித்தான். காகத்தைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் ஓர் ஏரிக்குப் போய்வரலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் பலரும் பார்த்த இடம்தான். சுமார் 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர் அளவுள்ள ஏரி. மழையை நம்பி, கரை கட்டி, மதகு வைத்து, கீழே உள்ள வயலுக்குப் பாய்ச்சுவதற்காக உண்டானது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் வந்து கூடு கட்டுகின்றன. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்பதால் பூனையோ நரியோ கூட்டை நெருங்குவது கடினம். மழை பொய்த்த வருடத்தில் பறவைகளும் பெரிதாக வருவதில்லை. பாடநூல் ‘உயிரற்ற காரணிகள்’ என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகிற மழை, வெயில், மண், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்துதான் இங்கே யார் வரலாம், யார் வரக்கூடாது என்று முடிவு செய்கின்றன.

இந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 1798-இல் ஒரு கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதி, வாங்கினார்கள். பறவை மேல் இருந்த பாசம் ஒரு காரணம். வயல் இன்னொரு காரணம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் விழுகிற ஏரித் தண்ணீர் எருத் தண்ணீர், அதைப் பாய்ச்சினால் நெல் நன்றாக வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சூழலியல் என்ற துறைக்கு எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானியர் பெயர் வைத்தது 1866-இல். அதற்கு 68 வருடம் முன்பே பறவை, ஏரி, வயல் மூன்றையும் ஒரே கணக்கில் எழுதியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். 2022-இல் இந்த ஏரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சரி, இப்போது சொற்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும் நத்தைகுத்தி நாரைகளை மட்டும் எண்ணினால் கிடைப்பது ஓர் இனக்கூட்டம்: ஒரே இனம், ஒரே இடம், ஒரே காலம். ‘கூட்டம்’ என்ற சொல் பிள்ளைகளைக் குழப்பும். ஒரே கிளையில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தாலும் அது இனக்கூட்டம் இல்லை. அந்தப் பறவைகள், கடம்பு மரம், மீன், நத்தை, தவளை, பாசி, சேற்றில் இருக்கும் பாக்டீரியா வரை எல்லா உயிர்களையும் சேர்த்தால் அது குழுமம். அதோடு தண்ணீர், சேறு, காற்று, வெயில் ஆகியவற்றையும் சேர்த்து, இவற்றுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலையும் ஒன்றாகப் பார்த்தால் சூழல்மண்டலம். இந்தச் சொல்லை 1935-இல் கொண்டுவந்தவர் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர். உயிர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் படித்தால் கதை பாதிதான் வரும் என்பது அவருடைய வாதம்.

சூழல்மண்டலத்துக்கு எல்லை எது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டிருக்கிறாள். நல்ல கேள்வி. ஏரிக்கரையோடு முடிகிறதா? வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகளில் பெரும்பாலானவை சாப்பிடுவது அந்த ஏரியில் இல்லை. விடிந்ததும் கிளம்பிச் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன. எச்சம் மட்டும் இங்கே விழுகிறது. அதாவது பத்து ஊர் ஏரியின் சத்தைப் பறவைகள் தினமும் ஓர் ஏரியில் கொண்டுவந்து கொட்டுகின்றன. அங்கிருந்து அது மதகு வழியாக ஏரிப் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்களுக்குப் போகிறது. அதனால் எல்லை என்பது நாம் படிப்பதற்கு வசதியாகப் போட்டுக்கொள்கிற கோடு. கோட்டுக்கு வெளியே இருந்து என்ன வருகிறது, உள்ளே இருந்து என்ன போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

உற்பத்தியாளர் என்றால் வெயிலின் ஆற்றலைப் பிடித்து, காற்றிலிருக்கும் கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு தன் உணவைத் தானே செய்துகொள்பவை. இந்த ஏரியில் அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரிந்து செய்வது கடம்பு மரமும் கரையோரப் புல்லும். கண்ணுக்குத் தெரியாமல் செய்வது தண்ணீரைப் பச்சையாகக் காட்டும் நுண்பாசிகள். ஏரியின் உணவுக் கணக்கில் இவற்றின் பங்கு பெரியது. ‘தாவரம் என்றால் உற்பத்தியாளர்’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். பெரும்பாலும் சரி. ஆனால் வேலி மேல் மஞ்சள் நூலை அள்ளிப் போட்டது போலப் படரும் அம்மையார் கூந்தலைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பூக்கும் தாவரம்தான். இலை கிடையாது, பச்சையம் பேருக்குத்தான். அடுத்த செடியின் தண்டுக்குள் உறிஞ்சுறுப்பை நுழைத்து அதன் சாற்றில் பிழைக்கிறது. மாமரத்தில் முளைக்கும் புல்லுருவி அதைவிடச் சுவாரசியம். அதற்குப் பச்சை இலை உண்டு, உணவைத் தானே செய்துகொள்ளும். தண்ணீரையும் தாது உப்பையும் மட்டும் மாமரத்திடமிருந்து எடுத்துக்கொள்ளும். உழைக்காமல் பிழைப்பவனைப் புல்லுருவி என்று திட்டுகிறோமே, அறிவியல் கணக்கில் அது பாதி அநியாயம்! உற்பத்தியாளர், ஒட்டுண்ணி என்ற இரண்டு வேலையையும் ஒரே செடி செய்கிறது.

அப்புறம் நுகர்வோர். பாசியைச் சுரண்டித் தின்னும் நத்தை முதல்நிலை. அந்த நத்தையைத் தின்னும் நத்தைகுத்தி நாரை இரண்டாம் நிலை. இன்னொரு பக்கம் பாசியைத் தின்னும் தண்ணீர்ப்பூச்சி, அதைத் தின்னும் சின்ன மீன், அந்த மீனைப் பிடிக்கும் நீர்க்காகம் என்று போனால் நீர்க்காகம் மூன்றாம் நிலை. சங்கிலியாக எழுதும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். நம் ஏரிகளில் இப்போது எங்கும் கிடைக்கும் ஜிலேபி மீனைக் கொண்டுவந்து வையுங்கள், ஒழுங்கு போய்விடும். அது பாசியும் தின்னும், சேற்றில் மட்கிக் கிடப்பதையும் தின்னும், பூச்சிப் புழுவையும் விடாது. பாசி தின்னும்போது முதல்நிலை, புழுவைத் தின்னும்போது இரண்டாம் நிலை அல்லது மூன்றாம் நிலை. அப்படியானால் அதைப் பிடித்த நீர்க்காகம் எந்த நிலை? மீன் முந்தின நாள் என்ன தின்றது என்பதைப் பொறுத்தது. இதனால்தான் உணவுச் சங்கிலியைச் சொல்லிக்கொடுத்த கையோடு உணவு வலையையும் சொல்ல வேண்டும். வலையில் ஓர் உயிரிக்குப் பல நூல்கள் வந்து சேரும். ஊட்டநிலை, அதாவது முதல்நிலை, இரண்டாம் நிலை என்று நாம் எண்ணும் படி, அந்த நூலின் கணக்கு. உயிரிக்குச் சராசரியாக ஒரு நிலையைச் சொல்லலாமே தவிர, முத்திரை குத்த முடியாது.

சங்கிலி ஏன் நான்கு ஐந்து கண்ணிகளோடு நின்றுவிடுகிறது என்று யாராவது கேட்டால் பத்து விழுக்காடு விதியைச் சொல்லலாம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறிய ஏரியைப் பல வருடம் ஆராய்ந்த ரேமண்ட் லிண்ட்மேன் என்ற இளைஞர், உயிர்களை இனவாரியாகப் பார்க்காமல் ஆற்றல் எங்கிருந்து எங்கே போகிறது என்று கணக்குப் போட்டார். கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1942-இல் அது அச்சில் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. முப்பது வயதைக்கூடத் தொடவில்லை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் போய்ச் சேருகிறது என்று நாம் இன்று படிப்பது அந்த வழியில் வந்தது. மீதி, மூச்சு விட, ஓட, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவாகி வெப்பமாகப் போகிறது, அல்லது தின்னப்படாமலே மட்குகிறது.

ஏரிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாசியில் 10,000 பங்கு ஆற்றல் இருந்தால், அதைத் தின்னும் நத்தைக்கு 1,000, நத்தையைத் தின்னும் நாரைக்கு 100. நீர்க்காகத்தின் வழியில் தண்ணீர்ப்பூச்சிக்கு 1,000, சின்ன மீனுக்கு 100, நீர்க்காகத்துக்கு 10. நடுவில் ஒரு கண்ணி கூடினால் மேலே இருப்பவருக்குப் பத்தில் ஒரு பங்குதான். பத்து என்பது கல்லில் செதுக்கிய எண் இல்லை, இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் ஊரில் நூறு கொக்கு இருக்கும் இடத்தில் பருந்து ஏன் ஒன்றிரண்டு மட்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு ஊட்டநிலையிலும் எவ்வளவு இருக்கிறது என்று கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் பிரமிடு படம் வரைவதில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஆற்றல் பிரமிடு எப்போதும் அடி அகலமாக, நேராகத்தான் நிற்கும். எண்ணிக்கைப் பிரமிடு அப்படி இல்லை: ஒரே ஒரு வேப்ப மரம், அதன் மேல் ஆயிரம் பூச்சி. சில நீர்நிலைகளில் எடைப் பிரமிடும் தலைகீழாக நிற்கும். பாசி மளமளவென்று பெருகும், பெருகிய வேகத்தில் தின்னப்பட்டுவிடும். எந்த நேரத்தில் நிறுத்துப் பார்த்தாலும் பாசி கொஞ்சமாகவும் அதைத் தின்றவை அதிகமாகவும் இருக்கும். சாயங்காலம் டீக்கடைக் கல்லாவில் கிடக்கும் சில்லறையை வைத்து அன்றைய வியாபாரத்தைச் சொல்ல முடியாது, அது போலத்தான்.

இனி, பாடநூல்கள் ரொம்ப அநியாயம் செய்கிற பிரிவு: சிதைப்பவை. படத்தில் எப்போதும் கடைசி அம்புக்குறியில், ஒரு காளானையும் இரண்டு புழுவையும் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளும் புலி செத்த பிறகுதான் இவற்றுக்கு வேலை என்று நினைப்பார்கள். வேடந்தாங்கலில் நின்று பார்த்தால் அந்தப் படம் எவ்வளவு தப்பு என்று புரியும். ஊர்க்காரர்கள் நம்பியிருக்கிற அந்த எச்சத்தையே எடுத்துக்கொள்வோம். பறவை எச்சத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் யூரிக் அமிலமாக இருக்கிறது. சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து அம்மோனியமாக்குகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட் ஆக்குகின்றன. பாசியும் நெல்லும் தாராளமாக எடுத்துக்கொள்வது இவற்றைத்தான். நடுவில் இந்த வேலை நடக்காவிட்டால் எருத் தண்ணீர் வெறும் அழுக்குத் தண்ணீர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரைவாழ் சூழல்மண்டலங்களில் தாவரங்கள் உண்டாக்குவதில் பெரும்பகுதி உயிரோடு தின்னப்படுவதே இல்லை. இலையாக உதிர்ந்து, வேராக மடிந்து, நேராக மட்கும் வழிக்குப் போய்விடுகிறது. மான், புலி என்று நாம் வரைகிற மேய்ச்சல் சங்கிலி சின்ன வாய்க்கால். மட்குச் சங்கிலிதான் ஆறு. ஆற்றல் ஒருவழிப் பாதையில் வந்து வெப்பமாக வெளியே போய்விடும். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படிப் போவதில்லை, சுற்றிச் சுற்றி வருகின்றன. சுற்ற வைப்பது இந்தச் சிதைக்கும் கூட்டம்.

இங்கே மூன்று சொற்களைப் பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. காளானும் பாக்டீரியாவும் செரிக்கும் நொதியை உடம்புக்கு வெளியே சுரந்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கின்றன. இவைதான் முறையான சிதைப்பவை. மண்புழு, கரையான், சாணி வண்டு ஆகியவை மட்கும் பொருளை வாயால் தின்று, உடைத்து, கிளறி, சிதைப்பவைக்கு வேலையை எளிதாக்கித் தருகின்றன. இவை மட்குண்ணிகள். செத்த உடம்பைத் தேடித் தின்னும் பாறு (பிணந்தின்னிக் கழுகு என்று பலர் சொல்வது), நரி, காகம் ஆகியவை பிணந்தின்னிகள்.

பிணந்தின்னி என்றால் ஏதோ கீழான வேலை என்ற எண்ணம் நமக்கு. அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று இந்தியா பார்த்துவிட்டது. கோடிக்கணக்கில் இருந்த பாறுகள் 1990-களில் மளமளவென்று செத்தன. வெண்முதுகுப் பாறு 2007-க்குள் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தது. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம் என்று 2004-இல் தெரிந்தது. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மாடு செத்து, அதைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. கால்நடைக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006-இல் இந்தியா தடை செய்தது. அதற்குள் ஊர்ப்புறங்களில் மாட்டுச் சடலங்கள் அப்படியே கிடந்து நாறின, தெருநாய்கள் பெருகின. நாயும் பிணம் தின்னும்தான். ஆனால் பாறுக் கூட்டம் கொஞ்ச நேரத்தில் எலும்பு தெரியத் தின்று முடிக்கும் வேலையை நாயால் செய்ய முடியாது. நாயோடு வெறிநாய்க்கடியும் வரும். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரிப் பக்கம் மாயாறு பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் தினமும் மலைக்கு வந்து படையல் உண்ட ‘கழுகுகள்’ உண்மையில் மஞ்சள்முகப் பாறுகள். அவையும் இப்போது வருவதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட வாழிடம், செயல்வாழிடம். வாழிடம் முகவரி, செயல்வாழிடம் தொழில் என்று பாடநூலில் ஓர் உவமை இருக்கும். சரிதான், ஆனால் பாதிதான். நம் ஏரிக்கு வருவோம். ஒரே கடம்பு மரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் ஐந்தாறு வகைப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். முகவரி ஒன்று. சாப்பிடப் போகும்போது பாருங்கள். நீர்க்காகம் தண்ணீருக்குள் மூழ்கி மீனைத் துரத்திப் பிடிக்கும். பாம்புத்தாராவும் மூழ்கும், ஆனால் ஈட்டி போன்ற அலகால் குத்தித் தூக்கும். கூழைக்கடா வலை வீசுவது போலத் தாடைப் பையால் அள்ளும். கரண்டிவாயன் முழங்கால் தண்ணீரில் நடந்தபடி தட்டை அலகை இடமும் வலமும் துழாவி, தட்டுப்படுவதைக் கவ்வும். கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கொக்கு அசையாமல் நின்று பார்த்துக் கொத்தும். இவை எல்லாம் வீடு திரும்பும் நேரத்தில் வக்கா வேலைக்குக் கிளம்பும், அதற்கு இரவு ஷிப்ட்.

நத்தைகுத்தி நாரை தனி ரகம். வளர்ந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி மாதிரி ஓட்டை நசுக்குவதற்காக அது என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது கீழ் அலகின் நுனியை நத்தையின் வாய்க்குள் நுழைத்து, ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை உருவி எடுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். ‘நத்தைகுத்தி’ என்று பெயர் வைத்தவர் வயலில் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆக, எங்கே இருக்கிறது, எதைத் தின்கிறது, எப்படிப் பிடிக்கிறது, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த வெப்பம் வரை தாங்கும், அதைத் தின்பது யார், அதன் எச்சத்தால் பிழைப்பது யார் என்று எல்லாம் சேர்ந்ததுதான் செயல்வாழிடம். இந்தச் சொல்லை 1917-இல் கலிஃபோர்னியாப் பறவை ஒன்றை வைத்து ஜோசப் கிரின்னல் பயன்படுத்தியபோது அழுத்தம் இடத்தின் மேல் இருந்தது. 1927-இல் சார்லஸ் எல்டன் அதை வேலையின் பக்கம் திருப்பினார். தெருவில் போகிறவரைப் பார்த்து ‘அதோ பாதிரியார் போகிறார்’ என்று சொல்வது போல ஒரு விலங்கைப் பார்த்தால் அதன் வேலை நினைவுக்கு வர வேண்டும் என்றார். நமக்கு ‘அதோ போஸ்ட்மேன் போகிறார்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இது ஏன் முக்கியம்? ஒரே வேலையை ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்யும் இரண்டு இனங்கள் நீண்ட நாள் சேர்ந்து நிலைக்க முடியாது. ரஷ்யாவில் காஸ் என்பவர் 1930-களில் பரமீசியம் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிரியில் இரண்டு வகைகளை ஒரே குழாயில் ஒரே உணவு கொடுத்து வளர்த்தார். ஒன்று பெருகியது, மற்றது அற்றுப்போனது. வேறொரு வகையைச் சேர்த்து வளர்த்தபோது இரண்டும் பிழைத்தன, ஏனென்றால் ஒன்று குழாயின் அடியிலும் மற்றது மேலேயும் மேய்ந்தது. கடம்பு மரத்தில் நடப்பதும் இதுதான். அத்தனை பறவைகளும் ஒரே மரத்தில் குடியிருக்க முடிவதற்கு, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது ஒரு முக்கியக் காரணம்.

உயிர்களுக்கு இடையிலான உறவுப் பெயர்களை நீளமாகச் சொல்லப் போவதில்லை. கொன்று தின்றால் கொன்றுண்ணி. உயிரோடு வைத்து உறிஞ்சினால் ஒட்டுண்ணி. இரண்டு பக்கமும் லாபம் என்றால் ஒருங்குயிரிநிலை. வயலில் விடும் அசோலா என்ற மிதக்கும் சிறு செடியும் அதன் இலைக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசியும் அதற்கு நல்ல உதாரணம். ஒன்றுக்கு லாபம், மற்றதுக்கு நட்டமில்லை என்றால் உடன் உண்ணும் நிலை. இதற்கு மாட்டின் பின்னால் நடக்கும் உண்ணிக்கொக்கைச் சொல்லலாம். பெயரைப் பார்த்து மாட்டு மேல் உள்ள உண்ணியைத் தின்றே பிழைக்கிறது என்று எண்ண வேண்டாம். மாடு நடக்கும்போது புல்லிலிருந்து துள்ளும் வெட்டுக்கிளிதான் அதன் முக்கியச் சாப்பாடு. இப்போது டிராக்டர் பின்னாலும் அதே வேலையைச் செய்கிறது. எப்போதாவது ஓர் உண்ணியையும் கொத்தினால் அந்த நிமிடம் உறவு ஒருங்குயிரிநிலை ஆகிவிடுகிறது. பெயர்ப்பலகை இங்கேயும் நிற்கவில்லை பாருங்கள்.

ஆதார இனம் என்ற சொல்லும் தேர்வில் வரும். 1960-களில் அமெரிக்காவின் வாஷிங்டன் கடற்கரைப் பாறைகளில் ஒரு பகுதியிலிருந்து மட்டும் நட்சத்திர மீன்களை ராபர்ட் பெய்ன் தொடர்ந்து பிடுங்கி எறிந்தார். நட்சத்திர மீன் தின்றுகொண்டிருந்த சிப்பி பாறை முழுக்கப் பரவி மற்றவற்றை நெருக்கித் தள்ளியது. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. எண்ணிக்கையில் கொஞ்சமாக இருந்துகொண்டு மொத்தக் குழுமத்தையும் தாங்கும் இனத்துக்கு அவர் வைத்த பெயர் அது. எண்ணிக்கையில் அதிகமாக இருந்து தாங்குபவை வேறு. கடம்பு மரத்தை ஆதார இனம் என்று எழுதினால் கறாரான ஆசிரியர் சம்மதிக்க மாட்டார்.

சரி, காகம். அமாவாசைக்கு வைத்த சோற்றைத் தின்னும்போது அது முதல்நிலை நுகர்வோர். வேப்பம்பழம் தின்னும்போதும் அதேதான், கூடவே விதையைத் தூக்கிப்போய்ப் பரப்பும் வேலையும் சேர்கிறது. ஏர் ஓட்டும்போது வெட்டுக்கிளியைக் கொத்தினால் இரண்டாம் நிலை. பூச்சி தின்ற தவளையைப் பிடித்தால் மூன்றாம் நிலை. ரோட்டில் நசுங்கிய எலியை இழுத்தால் பிணந்தின்னி. குயில் அதன் கூட்டில் முட்டை இட்டுவிட்டுப் போனால், அந்தக் குஞ்சுக்கு ஊட்டி வளர்க்கும் ஏமாந்த ஓம்புயிரியும் அதுவே. தேர்வில் ‘காகம் ஓர் அனைத்துண்ணி, ஒன்றுக்கு மேற்பட்ட ஊட்டநிலைகளில் செயல்படுகிறது’ என்று எழுதி, மேலே சொன்னதில் இரண்டு உதாரணம் கொடுத்தால் எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்க முடியாது.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை உங்கள் தெருக் காகங்களை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். எதை வாயில் வைத்தது, எங்கிருந்து எடுத்தது, அப்போது அது எந்த நிலை என்று நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதட்டும். இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கொடுப்பேன். ஒரு பையன் ‘சோப்பு’ என்று எழுதி, நிலை என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டுக் கொண்டுவந்தான். அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.